ஏழாவது உருண்டை

“டியில போடு, நாகேஸ்.”

நாகேஸ்வரி காது கேளாதவள் போல அவருடைய சீற் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். ஆசுபத்திரி வாசலில் காருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட முச்சக்கரவண்டிக்காரன் மூன்றாம் தடவையாக ஹோர்ன் அடித்தான். முன் சீற்றை நன்றாகச் சாய்த்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவில் கதிர்காமநாதனை இருத்தியாயிற்று. வீங்கிய கால்கள் செருப்புக்குள் அடங்காததால் வெறுங்காலோடு இருந்தார். மூச்சு இரைத்தது. கண் மட்டும் கியர்த் தடியை விட்டு அசையவில்லை. கடைசி நேரத்தில் மனிசர் கடவுளை நினைப்பார்கள் என்பார்கள். அவளுடைய புருசன் கியரை நினைத்துக்கொண்டிருந்தார்.

தடி ‘டி’ என்ற எழுத்துக்குப் போகாமல் இரண்டில் நின்றது.

“வரேக்கையும் ரெண்டிலதானே வந்தனி?”

“றோட்டில சனம்.”

“நெடுங்கேணியில இருந்து வவுனியா மட்டும் சனமோ?”

“நீங்கள் கதைக்காதேங்கோ. டொக்டர் கதைக்க வேண்டாமெண்டவர்.”

“அவர் இனி ஒண்டும் செய்யேலாதெண்டும்தானே சொன்னவர். அதுக்குப் பிறகு கதைச்சா என்ன, கதைக்காட்டி என்ன?”

பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள். கார் தானாகவே மெல்ல ஊர்ந்து வாசலைத் தாண்டியது. பின்னால் அவளுடைய தம்பி திலீபன் மோட்டார் சைக்கிளில் வந்தான். இரவு முழுவதும் அத்தானோடு ஆசுபத்திரி வாட்டில் இருந்த களை அவன் முகத்தில் அப்படியே இருந்தது. வான் பிடிக்கிறேன் என்று காலையில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தவன் அவன்தான். அத்தான் கேட்கவில்லை. “உன்ர கொக்கா காரைக் கொண்டு வரட்டும். நாலு கியரும் மாறுறதை நான் ஒருக்கா இருந்து பாக்கோணும்” என்று ஒரே பிடி. திலீபன் போனில் சொன்னான்: “விசர்க்கதை கதைக்கிறார் அக்கா. ஆனா தெளிவாத்தான் கதைக்கிறார்.”

அவள் வந்தாள். நாற்பது கிலோமீற்றருக்கு மேல், தடியை இரண்டில் வைத்துக்கொண்டு, முப்பதுக்கு மேலே முள்ளை ஏறவிடாமல் வந்தாள். நெல்லு மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் கூட அவளை முந்திக்கொண்டு போனது. சாரதி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். போகட்டும் என்று விட்டாள். மூன்றாம் கியரைத் தொட அவளுக்குத் துணிவில்லை. துணிவில்லாததன் காரணம் அவளுடைய கைப்பையில், லேஞ்சித் துணியில் முடிந்து கிடந்தது.

ஒரு இரும்பு உருண்டை. சைக்கிள் சில்லுக்குள் கிடக்கிற போல்ஸ் அளவுதான்.

காலையில் திலீபனுடைய போன் வர முன்னர், மூன்று நாளாகக் கழுவாமல் கிடந்த இட்டலித் தட்டை எடுத்தபோதுதான் அதைக் கண்டாள். எண்ணெய்ச் சீலைக்குக் கீழே, கடைசிக் குழிக்குள், ஒன்றும் அறியாத பிள்ளை போல அது இருந்தது. கியர் பெட்டியிலிருந்து ஏழு உருண்டைகளைக் கழற்றி ஏழு குழிகளில் வைத்தவள் அவள். திரும்பப் பூட்டியவளும் அவள்தான். அப்படியென்றால் ஆறுதான் உள்ளே போயிருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டாள். அவர் ஆறு மாதமாகச் செய்த வேலையை அவளுடைய கை கெடுத்துவிட்டது.

அந்தக் கார் வந்த கதை இதுதான். வன்னியில் தானாக மாறுகிற ஓட்டோ கியர் என்றால் சனம் காத தூரம் ஓடும். கியர் பெட்டி பழுதானால் பார்க்க ஆளில்லை, சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதற்குள் கோழி காருக்குள் முட்டையிட்டுவிடும் என்று பகிடி பண்ணுவார்கள். அப்படி ஒரு பழைய யப்பான் காரை, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் உறுமி வண்டி நகராமல் வழுக்குகிற காரை, கதிர்காமநாதன் இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து முற்றத்து வேம்புக்குக் கீழே நிறுத்தினார். அப்போது அவருக்குக் கிட்னி பழுதாகி நாலு வருசம். வாரத்தில் இரண்டு நாள் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிற மனிசன்.

“இது என்னத்துக்கு?” என்று கேட்டாள் நாகேஸ்வரி.

“உனக்கு.”

“எனக்குக் கார் ஓடத் தெரியாது.”

“தெரியும். இடது கால்தான் உன்னை விடேல்லை. இதில இடது காலுக்கு வேலையே இல்லை.”

அவளுடைய இடது கால் போரின் கடைசிச் சண்டையில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு ஒருநாள் அவருடைய பழைய பிக்கப்பை ஓடிப் பார்க்க ஆசைப்பட்டு, பொய்க்கால் கிளச்சிலிருந்து சறுக்கி, நேரே கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் முட்டினாள். ஊர் அதை ஒரு வருசம் சொல்லிச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மறக்காமல் இருந்திருக்கிறார் என்பது கார் வந்த பிறகுதான் தெரிந்தது. வேம்புக்குக் கீழே நின்ற அந்தச் சாம்பல் நிறக் காரை ஒரு தரம் சுற்றி வந்தாள். “கோழி ஏறாமல் கண்ணாடியை ஏத்தி விடுங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அந்த வருசமே வவுனியாவில் லைசென்சும் எடுத்தாள்.

முதலில் எண்ணெய். கழற்றியபோது சிவப்பாக இருக்க வேண்டியது தார் மாதிரிக் கறுத்து, கருகின மணத்தோடு வந்தது. முழுவதையும் ஒரேயடியாக மாற்றலாமே என்றாள் அவள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“பழசு முழுக்கப் போனா கியர் பெட்டி படுத்திடும். ஊத்தையிலதான் இப்ப பிடிச்சுக்கொண்டு நிக்குது. நாலு லீற்றர் எடுத்து நாலு லீற்றர் விடோணும். ஒரு கிழமை ஓடவிட்டுப் பிறகு திரும்ப. ஆசுபத்திரியில அவங்கள் எனக்குச் செய்யிறதைப் பார். ஒரே நாளிலயோ செய்யினம்?”

மூன்று தரம் மாற்றினார்கள். ஒவ்வொரு தரமும் எடுத்ததில் ஒரு போத்தல் மதிலோரம் வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று தேத்தண்ணி நிறம், கடைசி நாவற்பழத் தண்ணி மாதிரி ஒரு சிவப்பு. நாகேஸ்வரி எதையும் எறியாதவள். வெறும் பால்மா ரின், கழன்ற பொத்தான், கடதாசிப் பை எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கும். இந்தப் போத்தல்களையும் அவள் எறியவில்லை. அதற்காக அவர் வாய்ப் பேச்சுக்கு ஒரு மாசம் ஆளானாள்.

எண்ணெயோடு வழுக்கல் பாதிதான் நின்றது. அவருடைய பழைய சிநேகிதர் லாபிர் நானா முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்து கொடுத்தார். சிப்ட் கிட், கியர் மாறுவதைச் சீராக்குகிற சாமான் என்றார். உள்ளே நாலைந்து ஸ்பிறிங்கும் ஒரு துளையிட்ட தகடும் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியும் இருந்தன. இவ்வளவுதானா என்று நாகேஸ்வரி கேட்டே விட்டாள்.

“சனம் கியர் பஞ்சு மாதிரி மாறினா நல்லமெண்டு நினைக்குது,” என்றார் கதிர்காமநாதன். “அது உள்ளுக்குத் தட்டுகள் ஒண்டோட ஒண்டு தேய்ஞ்சு தேய்ஞ்சு பிடிக்கிற பிடி. அப்பிடித்தான் கருகிறது. விடுறதெண்டா டக்கெண்டு விடோணும். பிடிக்கிறதெண்டா டக்கெண்டு பிடிக்கோணும். இது அதுக்குத்தான்.”

போன வியாழக்கிழமை அதைப் பூட்டினார்கள். அவருடைய கை நடுங்கியதால் வேலை முழுக்க அவளுடையது. காரை உயர்த்தி மரக்குற்றி வைத்துவிட்டு, பொய்க்காலைக் கழற்றி மதிலில் சாத்திவிட்டு, சாக்கை விரித்து அவள் கீழே போனாள். கால் இல்லாதது காருக்குக் கீழே வசதிதான் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தாள். அவர் கதிரையில் இருந்து கடதாசியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கழற்றி எடுத்த அலுமினியப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தபோது அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். கறையான் புற்றை நடுவில் வெட்டினால் தெரிகிற மாதிரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல் ஓடைகள். அந்த ஓடைகளுக்குள் அங்கங்கே ஒரு உருண்டை.

“ஆர் சொல்லி இது மாறுது?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் சொல்லுறேல்லை. வேகம் கூட எண்ணெய் அமுக்கும். அமுக்கம் கூடக் கதவு திறக்கும். நேரம் வந்தா மாறும்.”

“அப்ப அதுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனா பிழைக்காது.”

அவள் இட்டலித் தட்டிலிருந்து ஒவ்வொரு உருண்டையாக எடுத்து அவர் சொன்ன இடத்தில் வைத்தாள். ஆறாவதை வைத்த கையோடு அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதுகு வளைந்து, கண்ணில் தண்ணி வர, நெடுநேரம் இருமினார். அவள் பயந்து ஓடிப்போய்ச் சுடுதண்ணி கொண்டு வந்தாள். வந்தபோது அவர் தட்டின்மேல் எண்ணெய்ச் சீலையைப் போட்டுவிட்டு, “சரி, மூடு. எனக்குக் களைக்குது” என்றார். அவள் மூடினாள். சிவப்பு எண்ணெய் விட்டு, காரை இறக்கி வைத்தார்கள். பின்னேரம் மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. கார் வாசற்படலை தாண்டாமல் வேம்புக்குக் கீழேயே நின்றது.

அந்த இருமலில்தான் விடுபட்டுப் போயிருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். இதை எப்படி அவருக்குச் சொல்வது? சொன்னால் தான் இருமியதால் வந்த பிழை என்று தன்மேல் போட்டுக்கொள்வார். சொல்லாமல் டியில் போட்டால் மூன்றாம் கியரில் கார் காட்டு நடுவில் நின்றுவிடும். சாகிற மனிசனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் முடியாது, அவர் கேட்டதைக் காட்டவும் முடியாது. அந்த உருண்டை கைப்பைக்குள் இருந்துகொண்டு அவளைத் தின்றது.

“எஞ்சின் கத்துது நாகேஸ். பாவம் அது.”

“ஓமந்தை கழியட்டும்.”

ஓமந்தை கழிந்தது.

“புளியங்குளத்தில திரும்பட்டும். அங்கால சனமில்லை.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இரைப்பாகியது. “சோறு தின்னாத பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்” என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் நித்திரையானால் நல்லது என்று அவள் நினைத்தாள். நினைத்த கையோடு அதற்காகத் தன்னையே ஏசிக்கொண்டாள். மூடிய கண் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வாள்? அவருடைய நெஞ்சையும் றோட்டையும் மாறிமாறிப் பார்த்தபடி ஓடினாள்.

புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, கடைகள் முடிந்து, இரண்டு பக்கமும் காடு வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. புதிதாய்த் தார் போட்ட றோட்டு ஆளரவமில்லாமல் நீண்டு கிடந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

“இப்ப சனமில்லை.”

மெல்ல நிறுத்தினாள். முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தடியை டியில் போட்டாள். பிரேக்கை விட்டாள்.

அவர் வலது கையைத் தொடையில் வைத்து ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டார். கார் வேகம் எடுத்தது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியபோது விரல் தொடையில் தட்டியது. “ரெண்டு,” என்றார். நாகேஸ்வரி அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் மிதித்தாள். முப்பத்தைந்து. நாற்பது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. இப்போது உறுமும், இப்போது வழுக்கும் என்று கையிரண்டும் ஸ்டியரிங்கில் இறுகின.

உறுமவில்லை. யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்து ஒருக்கால் தள்ளிவிட்டது போல, டக். எஞ்சின் சத்தம் இறங்கியது. கார் முன்னே பாய்ந்தது.

விரல் தட்டியது. “மூண்டு. பாத்தியே?”

நாகேஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. உருண்டை ஒன்று இல்லாமல் இது எப்படி? இல்லாத ஒன்றைத் தெரியாதது போல அந்தப் புற்றுக்குள் எண்ணெய் ஓடி, நேரம் பார்த்து, கதவைத் திறந்துவிட்டதே. இன்னும் ஒன்றுதான், நாலு. ஐம்பது தாண்டினால் வரும்.

வளைவு திரும்பியதும் அவள் பிரேக்கை அழுத்தினாள்.

றோட்டின் நடுவில் யானை நின்றது.

தனியன். ஒரு பக்கக் காட்டிலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போக வந்தது, நடுவில் ஏதோ யோசனை வந்தது போல நின்றுவிட்டது. பின்னால் திலீபன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுக் காரின் பின்பக்கம் ஒண்டிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தாள்.

“எஞ்சினை நிப்பாட்டாதை,” என்றார் அவர், மூச்சோடு மூச்சாக. “பிரேக்கில காலை வைச்சிரு. காணும்.”

யானை காதை விசிறியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது. தூசி படிந்த அந்தப் பெரிய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாகேஸ்வரிக்கு ஆசுபத்திரியும் ஊரும் நினைவில் இல்லாமல் போயின. எல்லாவற்றையும் விடப் பெரிய ஒன்றுக்கு முன்னால் நிற்கிறோம், அது வழிவிட்டால் போகலாம் என்பது மட்டும் தெரிந்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“இஞ்சேருங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன். அண்டைக்குப் பூட்டேக்கை...”

அவர் விரலை உயர்த்தி அவளைத் தடுத்தார். யானை நடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கால், மறு கால் என்று, அவசரமில்லாமல், சத்தமில்லாமல் றோட்டைக் கடந்தது.

“பார், எவ்வளவு பாரம்,” என்றார். “ஒரு குலுக்கல் இல்லாமல் மாறுது. இவனுக்கும் ஓட்டோ கியர்தான்.”

அவருடைய முகத்தில் கலியாணம் முடித்த புதிதில் பார்த்த சிரிப்பு இருந்தது. அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சேர்ந்து சிரித்தாள். யானையின் பின்பக்கம் பற்றைக்குள் மறைந்தது. கொப்பு முறிகிற சத்தம் கொஞ்சநேரம் கேட்டு நின்றது.

“எடு,” என்றார் அவர்.

அவள் எடுத்தாள். இரண்டு; விரல் தட்டியது. மூன்று, விரல் தட்டியது. இந்த முறை வாய் சொல்லவில்லை, விரல் மட்டும்தான். முன்னே றோட்டு நேராய்க் கிடந்தது. நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. காற்று கண்ணாடி இடுக்கால் சீறியது. பிறகு முதுகில் அதே உள்ளங்கை.

சத்தம் எல்லாம் ஒருசேர இறங்கியது. எஞ்சின் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்குக் கார் அமைதியாய் ஓடியது. இவ்வளவு இலேசாக ஒரு வண்டி ஓடும் என்று அவளுக்குத் தெரியாது.

“நாலு!” என்று கத்தினாள். “இஞ்சேருங்கோ, நாலு!”

விரல் தொடையில் இருந்தது. நீட்டினபடியே இருந்தது. கண் பாதி திறந்து முன்னால் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஓயாமல் கேட்ட இரைப்பு இப்போது கேட்கவில்லை.

நாகேஸ்வரி நிறுத்தவில்லை. அவர் நாலாவதை உணர்ந்த பிறகு போனாரா, உணர முன்னரே போய்விட்டாரா? பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. இடது கையை எடுத்து அவருடைய கையின்மேல் வைத்தாள். சூடாக இருந்தது. அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் வேறொன்று நெஞ்சை நிறைத்துக்கொண்டு நின்றது. நாற்பது வருசம் ஓடிய உடம்பும் பேச்சும் பகிடியும் ஒரு குலுக்கல் இல்லாமல் எங்கேயோ மாறிப் போனதே என்ற பிரமிப்பு. வேகத்தைக் குறைத்தால் கியர் இறங்கிவிடும் என்பதற்காக நெடுங்கேணி வரும்வரை அவள் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை.

சந்தியில் மூன்று. ஒழுங்கையில் இரண்டு. படலையில் ஒன்று. வேம்புக்குக் கீழே, நிறுத்தி வைக்கிற ‘பி’யில் போட்டு எஞ்சினை நிற்பாட்டினாள். திலீபன் ஓடி வந்து கதவைத் திறந்தான்.

“அக்கா... அத்தான்...”

“ஓம்,” என்றாள். “வீட்டை வந்திட்டார்.”

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அடுத்த நாள் செத்தவீடு. பந்தல், பறை, சுண்ணம் இடிக்கிற சத்தம் எல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தன. அவளுக்கு நிலத்தில் மடங்கி இருக்க ஏலாது என்று தலைமாட்டில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வந்த பெண்கள், புருசன் செத்த நேரத்திலும் காசுப்பையை விடுகிறாளில்லை என்று நினைத்திருப்பார்கள். இரண்டு மணிக்குப் பாடை எழுந்தது. அவருடைய அண்ணன் மகன் அனோஜன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தான். பெண்கள் படலை மட்டும் போய்க் கதறிவிட்டுத் திரும்பினார்கள்.

லாபிர் நானா சுடலைக்குப் போகவில்லை. முழங்கால் வருத்தம். வேம்புக்குக் கீழே காரின் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியே நின்றார். நாகேஸ்வரி அவரிடம் போனாள். லேஞ்சியை அவிழ்த்து உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“நானா, இது நான் பூட்ட மறந்தது. அவருக்குச் சொல்லாமலே விட்டிட்டன். நம்பிக் குடுத்த வேலையில ஒண்டைக் குறைச்சிட்டன். சாகிற மனிசனுக்குப் பொய் காட்டிப்போட்டன்.”

லாபிர் நானா உருண்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காரின் முன்கதவைத் திறந்து, டாஷ்போர்ட் பெட்டிக்குள் கைவிட்டு, எண்ணெய்க் கை பட்ட ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். கிட்டோடு வந்த கடதாசி. அதில் அந்தப் புற்று படமாக இருந்தது. அங்கங்கே ஏழு வட்டம். ஆறு வட்டத்துக்குப் பென்சிலால் சரி போட்டிருந்தது. ஏழாவது வட்டத்தின்மேல் அச்சிலேயே ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் கதிர்காமநாதனுடைய கோணல் எழுத்தில், ‘இது வேண்டாம்.’

“நீங்க மறக்கேல்ல தங்கச்சி. இந்த ஒண்டை எடுத்துப்போடச் சொல்லித்தான் இதில கிடக்கு. இது அந்த ஓட்டையில கிடந்தா எண்ணெய் சுத்திப் போகோணும். சுணங்கும். எடுத்தாத்தான் நேர போய் டக்கெண்டு பிடிக்கும்.”

நாகேஸ்வரி கடதாசியை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். “அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

லாபிர் நானா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செத்தவீட்டில் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். சொன்னார்.

“பூட்ட முதல் நாள், புதன்கிழமை, அவன் எனக்குப் போன் எடுத்தவன். ‘லாபிர், ஒரு போல்ஸ் மிச்சம் விடோணும். வெறும் பால்மா ரின்னையே எறிய விடாதவள், நல்ல போல்ஸை விடுவாளே? விடியும்வரை என்னோட வாதாடுவாள். ஆறாவதோட நான் இருமிக் காட்டி மூட வைக்கிறன்’ எண்டவன்.”

“இருமி... காட்டியோ?”

“ஓம். பிறகு அவனே வெள்ளிக்கிழமை ஆசுபத்திரியில இருந்து எடுத்துச் சொன்னவன். ‘கொஞ்சம் கூட இருமிப்போட்டன் லாபிர், மனிசி பயந்து சுடுதண்ணி எடுக்க ஓடிட்டாள்’ எண்டு ஒரே சிரிப்பு.”

நாகேஸ்வரி காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணி வர வர இருமிய அந்த முகம் அவளுக்கு முன்னால் வந்தது. பாவி மனிசன். நெஞ்சு நின்றுவிடும் என்று அவள் நடுங்கினாளே. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். பந்தலுக்குக் கீழே பாய் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகேசுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஒருத்தி வாயில் சீலைத்தலைப்பை வைத்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாய் மாறியதென்று பக்கத்தில் நின்ற லாபிர் நானாவுக்கும் தெரியவில்லை.

சுடலையில் காடாத்துக் கிரியை முடிந்து சாம்பலை முல்லைத்தீவுக் கடலில் கரைக்க வேண்டும். வாகனத்துக்கு எங்கே போவது என்று கதை வந்தபோது, “கார் நிக்குது, நான் கொண்டுவாறன்” என்றாள் நாகேஸ்வரி.

பக்கத்து வளவு இளையதம்பி தொண்டையைச் செருமினார். ஊரில் எந்தக் கிரியை நடந்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்கிற மனிசன். “பெம்பிளையள் உதுக்கு வாறேல்லைப் பிள்ளை.”

“நான் கடலுக்கு இறங்கேல்லை அண்ணை. றோட்டில நிக்கிறன். இந்தக் காரை இஞ்ச வேற ஆருக்கு ஓடத் தெரியும்? நீங்கள் ஓடுறியளே?”

இளையதம்பி வெற்றிலையைத் துப்ப எழும்பிப் போனார்.

அனோஜன் சாம்பல் பானையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான். திலீபன் முன்னால் ஏறினான். நாகேஸ்வரி கைப்பையைத் திறந்து உருண்டையை எடுத்து, ஸ்டியரிங்குக்கு அருகில் சில்லறை போடுகிற நீளத் தட்டில் வைத்தாள்.

“இது என்னக்கா?”

“மிச்சம்.”

“எறியட்டோ?”

“கிடக்கட்டும்.”

ஒட்டுசுட்டான் றோட்டில் ஏறியதும் தடியை டியில் போட்டாள். கார் வேகம் எடுக்க உருண்டை தட்டின் பின்விளிம்பில் போய் ஒதுங்கியது. இரண்டாவதுக்கு மாறியபோது அரை அங்குலம் முன்னே உருண்டு திரும்ப வந்து விளிம்பில் தட்டியது. டிக். திலீபன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதுக்கு, டிக். வயல் முடிந்து காடு தொடங்கியது. றோட்டு நேரானது. ஐம்பது. நாகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஐம்பத்தைந்து.

டிக்.